யாரு கை?

2004-ல் என் கணவருக்குக் கடலூருக்கு மாற்றல் ஆனது. செம்மண்டலத்தில் ஒரு மாடிப் போர்ஷன் காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனோம். கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா மட்டும் தனியாக இருந்தார். வாடகை, தண்ணீர், கரண்ட் என்று நாங்கள் ஆரம்பிக்க, அவர் என் கையில் இருந்த டிபன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். திறக்கச் சொன்னார். பசிக்கிறதாக்கும் என்று திறந்து நீட்டினேன். எலுமிச்சைச் சாதத்தில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, “யாரு கை?” என்றார். என் கைதான் என்றேன். மென்று விழுங்கிவிட்டு, “இருக்கலாம்” என்றார். வீட்டில் நீங்கள் இருக்கலாம் என்றாரா, உன் கையாக இருந்தாலும் இருக்கலாம் என்றாரா, எட்டு வருஷம் அங்கே குடியிருந்தும் எனக்கு விளங்கவில்லை.

நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சர் என்பார். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை, தினம் பஸ்ஸில் போய்வர வேண்டும். அக்காவுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. கனத்த உடம்பு, சர்க்கரை, வெறும் கழுத்து. கல்யாணம் ஆன கொஞ்ச நாளிலேயே புருஷன் போய்விட்டார். அவர் பார்த்த அரசாங்க வேலையை இவருக்குக் கொடுத்திருந்தார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை இல்லை. புதுப்பாளையத்தில் ஒரு தம்பி, குடும்பத்தோடு இருந்தார்.

உலகத்தில் எதைக் கண்டாலும் அக்காவுக்குக் கேள்வி ஒன்றுதான். ரவிக்கை தைத்து வந்தால், யாரு கை. பூ கட்டி வந்தால், யாரு கை. பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் விட்டதென்றால் என்ன மருந்து என்று கேட்க மாட்டார். ஊசி போட்டது யாரு கை என்பார். சில கை ராசியான கை, சில கை வெளங்காத கை. எதை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டால், “அதெல்லாம் பாத்தா தெரியும் டீச்சர்” என்பதோடு சரி. விடை மட்டும் எழுதி வழியை எழுதாத பையனுக்கு நான் முட்டை போடுகிறவள். எனக்கு எரிச்சல் வருமா, வராதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தேங்காய்ச் சட்னி கொடுத்தனுப்பினேன். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க மாடியேறி வந்தவர், இது உங்க கை இல்லியே என்றார். எனக்கு அன்றைக்குத் தலைவலி. அரைத்தது என் கணவர். சாருக்குக் கை மணக்குது என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லப்போக, மனுஷன் பூரித்துப்போய் அதிலிருந்து சட்னி வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் அக்காவுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

என் பெண்ணுக்குக் காது குத்திய அன்று நடந்ததை இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்போம். சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியாயிற்று, ஆசாரியும் வந்து உட்கார்ந்தாயிற்று. அக்கா அவர் கையை எட்டிப் பார்த்தார். ஒரு டீ சாப்பிட்டு வாங்களேன் என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வேறொரு ஆசாரியை ஆட்டோவில் வரவழைத்துவிட்டார். என் மாமியார் கொதித்துப்போனார். இரண்டாவது ஆசாரி குத்தியபோது குழந்தை சிணுங்கக்கூட இல்லை. பார்த்தீங்களா, கைராசி என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். காத்திருந்த நேரத்தில் குழந்தை அசந்து தூங்கிவிட்டது என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

மற்றவர் கையைப் பற்றி இவ்வளவு பேசுகிறவரின் கைக்கும் ஊரில் ஒரு பெயர் இருந்தது. மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் காய் விற்கிற பெண்கள் அவரைப் போணியக்கா என்றுதான் சொல்வார்கள். காலையில் அக்கா தலை தெரிந்ததும், போணி பண்ணிட்டுப் போக்கா என்று நாலு பக்கமும் குரல் வரும். முதல் வியாபாரம் அக்கா கையால் நடந்தால் கூடை காலியாகிவிடும் என்று நம்பினார்கள். யார் மனசையும் நோகடிக்கக் கூடாது என்று அக்கா ஆளுக்கு ஒரு கட்டுக் கீரை வாங்கிவிடுவார். வாங்கியதில் பாதி மாடிக்கு வந்துவிடும். நாங்கள் அங்கே இருந்தவரை கீரை சாப்பிடாத நாள் என்று ஒன்று கிடையாது.

கன்று நடுவதானாலும் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் தெருவில் இருந்த மாமரம், வேம்பு, முருங்கை எல்லாம் பெரும்பாலும் அக்கா கை வைத்து மண் தள்ளியவை. தன் கொல்லையில் அவர் வைத்த பலா, பண்ருட்டிக்காரர்களே பொறாமைப்படுகிற மாதிரி காய்த்தது.

2011 டிசம்பர் முடிகிற நேரத்தில் புயல் அடித்தது. விடிந்து வெளியே வந்தால் தெருவில் நிழல் என்று ஒன்று இல்லை. பலா வேரோடு சாய்ந்து கிணற்றை மூடிக் கிடந்தது. அக்கா தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து ஒவ்வொரு மரமாகப் பார்த்துவிட்டு வந்தார். “எல்லாம் நான் வச்சது டீச்சர்” என்றார். கடலூர் மாவட்டம் முழுக்க மரம் விழுந்திருக்கிறதே, எல்லாவற்றையும் நீங்களா நட்டீர்கள் என்று கேட்டேன். நியாயமான கணக்குத்தானே? கரண்ட் வந்து, மார்க்கெட் பழையபடி ஆன பிறகும் அக்கா போணி பண்ணப் போகவில்லை. யாராவது கூப்பிட்டால், எங்கை போயிடுச்சும்மா, வேற யாரையாச்சும் கூப்புடு என்று சொல்லிவிட்டு நடப்பார். எங்கள் வீட்டில் கீரை நின்றுபோனது. எனக்கு அதுவே ஒரு மாதிரியாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து, “எனக்கு மறுபடியும் வந்திருக்கு டீச்சர்” என்றார். தீட்டு நின்று பல வருஷமாகியிருந்தது. உடம்புச் சூடுதான் என்று நினைத்து வெந்தயமும் இளநீருமாகக் குடித்துப் பார்த்திருக்கிறார். நிற்கவில்லை. வெளியே சொல்ல வெட்கப்பட்டு அதுவரை மறைத்து வைத்திருந்தார். எனக்குத் திக்கென்றது. நின்றபிறகு வந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கடலூரில் யாரிடமும் போக மாட்டேன் என்றார். சிதம்பரத்தில் அவர் தம்பி மனைவிக்குப் பிரசவம் பார்த்த ஒரு லேடி டாக்டர் இருந்தார். அந்தம்மாவுக்குத்தான் கைராசி என்றார். சரி, எந்தக் கையாவது பார்த்தால் போதும் என்று மறுநாளே லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் வயதானவர், நிதானமானவர். உள்ளேயிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களை உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார். கர்ப்பப்பையில் கேன்சர். ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் நாளைக் கடத்தக் கூடாது. அக்கா கொஞ்சமும் அசையவில்லை. அப்ப நீங்களே எடுத்துடுங்கம்மா என்றார். டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். இது கேன்சர் ஆபரேஷன், தனியாகப் படித்தவர்கள் செய்ய வேண்டியது. அதிலும் அக்காவின் உடம்புக்கும் சர்க்கரைக்கும் வயிற்றை நீளமாகக் கிழித்தால் புண் ஆறுவது கஷ்டம். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் ரோபோ என்று ஒரு மெஷின் வந்திருக்கிறது, சின்னச் சின்னத் துளை போட்டு அதன் வழியாகவே செய்துவிடுகிறார்கள், அதுதான் இவருக்கு நல்லது என்றார். அதுக்கு நாலு கை இருக்கு என்று தைரியமும் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் டாக்டர் சொல்லாமல் இருந்திருக்கலாம். பஸ் பி.முட்லூர் தாண்டி, புதுச்சத்திரம் தாண்டியது. ஆலப்பாக்கத்தில் பஸ் நின்றபோது அக்கா என் பக்கம் திரும்பி, “நாலு கையாம். நாலும் யாரு கை டீச்சர்?” என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சென்னைக்கு வர மாட்டேன் என்று அவர் பிடித்த பிடியை யாராலும் விடுவிக்க முடியவில்லை. தம்பி வந்து கத்திப் பார்த்தார், அழுது பார்த்தார். செலவைப் பற்றி நீ ஏன் கவலைப்படுகிறாய், நான் இருக்கிறேன் என்றார். அக்காவின் கவலை அதுவே இல்லை. மெஷின் வேண்டாம், சாதாரண ஆபரேஷனே செய்துகொள் என்று வேறு ஆஸ்பத்திரி பெயர் சொன்னார். அங்க யாரு கை என்று கேட்டார் அக்கா. தம்பிக்குத் தெரியவில்லை. தெருவில் சேதி பரவி, சினிமாவில் வருகிற மாதிரி இரும்பு மனுஷன் கத்தியோடு நடந்து வருவான் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. சிதம்பரத்து டாக்டர் என் பள்ளிக்கூடத்துக்கே போன் செய்து, என்னம்மா இன்னும் போகலையா என்று கடிந்துகொண்டார். வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட எனக்கு அதே நினைப்பு. இந்த மனுஷி ஒரு வார்த்தையைக் கட்டிக்கொண்டு செத்துப்போய்விடுவாரோ என்று பயந்தேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கீழே போய்ச் சண்டை போட்டேன். கைராசி, கைராசி என்று உயிரை விடப்போகிறீர்களா என்று கேட்டேன். அக்கா கோபப்படவில்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். புருஷன் போன பிறகு தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. கூடப் பிறந்தவர் என்றாலும் தாம்பாளத்தைத் தொட விடவில்லை. மண்டபத்தில் சாமான் அறையிலேயே நின்றிருக்கிறார். நல்ல காரியம் எங்கே நடந்தாலும் பின்னால்தான் நிற்க வேண்டும். ஆபீஸுக்குப் போகும் வழியில் ஒருநாள் விடிகாலையில், கடை விரித்த ஒரு பெண்ணிடம் முருங்கைக்காய் கேட்டாராம். மொத போணி உங்கிட்டயா என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பெண் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு வெயில் ஏறும் முன்பே கூடை காலி. மறுநாள் அவளே அக்காவுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

“என்னைய முன்னாடி வான்னு கூப்புட வச்சது இந்தக் கைதான் டீச்சர். புயல்ல அதுவும் போச்சு. எங்கை இல்லன்னா பரவால்ல, இன்னொரு நல்ல கையாச்சும் எம்மேல படட்டுமே. யாரு கையும் இல்லாம ஒரு மெஷினுகிட்ட போயி எப்பிடிப் படுக்கறது?”

இதற்கு நான் என்ன கணக்குச் சொல்வது? ஆனாலும் ஒரு வழி தோன்றியது. அந்த மெஷினை யாரோ ஒரு டாக்டர்தானே ஓட்டுவார், அவர் கையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம், பிடிக்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்றேன். கையைப் பார்ப்பது என்றதும் அக்கா கொஞ்சம் யோசித்தார். பாக்குறதுல என்ன இருக்கு என்றார்.

தம்பியையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனோம். அங்கே நாங்கள் பார்த்த டாக்டர் ஒரு இளம்பெண். ஒல்லியானவர். நாங்கள் கடலூர் என்றதும், நான் பரங்கிப்பேட்டை என்றார். அதன்பிறகு அவர் பேச்சில் நம்ம ஊர் வந்துவிட்டது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வைத்துக்கொண்ட மருதாணி விரல் நுனியில் மங்கிக் கிடந்தது. அக்கா எடுத்த எடுப்பில் கையைக் காட்டுங்க என்றார். டாக்டர் நாடி பார்க்கக் கொடுப்பது போல நீட்ட, அக்கா அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை நல்லாத்தான் இருக்கு, ஆனா இத நீங்க உள்ள வைக்க மாட்டீங்களாமே என்றார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அது தானாக எதுவும் செய்யாது. பக்கத்தில் ஒரு பெட்டி மாதிரி இருக்கும், அதில் இவர் உட்கார்ந்து உள்ளே நடப்பதைப் பெரிதாகப் பார்த்துக்கொண்டே விரலை ஆட்டுவார். விரல் எப்படி ஆடுகிறதோ அப்படியே உள்ளே அதன் கை ஆடும். விரல் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கும்.

“அப்ப உங்க கைராசி அது வரைக்கும் போயி சேருமா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. “தெரியலம்மா. ஒயரு வழியாத்தான் போவணும்” என்றார்.

அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஆனால் அடுத்து டாக்டர் சொன்னதுதான் எங்களை ஆட்டிவிட்டது. ஒளிக்காமல் ஒரு விஷயம் சொல்லிடறேன் என்று ஆரம்பித்தார். மெஷின் இந்த ஆஸ்பத்திரிக்குப் புதிது. இவர் வெளியூரில் போய்க் கற்றுக்கொண்டு, பெரிய டாக்டர்களோடு கூட நின்று பல தடவை செய்திருக்கிறார். ஆனால் இங்கே, தானே உட்கார்ந்து முழுதும் செய்யப்போவது இதுதான் முதல் தடவை. அவருடைய பெரிய டாக்டர் பக்கத்திலேயே இருப்பார். யோசித்துச் சொல்லுங்கள், வேறு டாக்டர்தான் வேண்டும் என்றாலும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார்.

அக்காவின் தம்பி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். முதல் தடவையா, நம்ம அக்காவிடமா என்று நானே பையைத் தூக்கி மாட்டிக்கொண்டேன். எந்த ஊரில் எந்த நோயாளி இதைக் கேட்டாலும் வந்த வழியே திரும்பியிருப்பார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். புயலுக்குப் பிறகு அந்த முகத்தில் நான் பார்க்காத வெளிச்சம்.

“அப்ப போணி நானா?” என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. மஞ்சக்குப்பத்துக் கதையை நான்தான் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, அப்ப நீங்கதாம்மா எனக்குப் போணி பண்ணணும் என்றார் அவர். அக்கா உடனே சுருங்கிவிட்டார். என் கை இப்போது சரியில்லை, வைத்த மரமெல்லாம் சாய்ந்துவிட்டது, உங்களுக்கு எதுக்கு அந்தப் பாவம் என்று முனகினார். “எங்க வீட்டு மரமுந்தான் சாஞ்சிச்சு. பரங்கிப்பேட்டைக்கு வந்து நீங்களா நட்டீங்க?” என்று கேட்டார் டாக்டர். அக்கா, அதுவும் சரிதான் என்று ஒத்துக்கொண்டார். நான் சொன்ன அதே கணக்கு! நான் சொன்னபோது ஏறவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடலாம் போல இருந்தது எனக்கு.

ஆபரேஷன் அன்று உள்ளே நடந்ததை அக்கா பிற்பாடு சொல்லித்தான் தெரியும். தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோனார்களாம். மெஷினின் நாலு கைக்கும் உறை போட்டு வைத்திருந்ததால் அதைத் தொடக் கூடாது என்றார்களாம். டாக்டர் வண்டியைத் தான் உட்காரும் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, இங்க தொடலாம் என்று அக்காவின் கையை எடுத்து, தான் விரல் விடும் வளையத்தில் வைத்திருக்கிறார். அக்கா இரண்டு விரலை உள்ளே விட்டு எடுத்தார். அதற்குள் மயக்க ஊசிக்காரர் அவசரப்படுத்தினார். அந்த ஊசி யாரு கை என்று கேட்க நினைத்து, அதற்குள் தூங்கிவிட்டேன் என்று வருத்தப்பட்டார்.

வெளியே பெஞ்சில் தம்பியும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். டாக்டர் வந்தபோது முகக்கவசத்தின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது. கர்ப்பப்பையை எடுத்தாச்சு, பக்கத்தில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியாச்சு, எல்லாம் நல்லபடியா நடந்தது என்றார். அப்புறம் என் அருகில் வந்து, எனக்கு ஆரம்பத்துல கை நடுங்கும்னு பயந்தேன் டீச்சர், நடுங்கல என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மறுநாளே அக்கா எழுந்து நடந்தார். பரவவில்லை, இதற்கு மேல் சிகிச்சை தேவையில்லை என்று பரிசோதனை முடிவும் வந்தது.

செம்மண்டலம் திரும்பியதும், முந்தானையை விலக்கி வயிற்றுத் துளைகளைக் காட்டாத வீடு அந்தத் தெருவில் பாக்கியில்லை. செக்கப்புக்குப் போனால் டாக்டரிடம் முதலில் கேட்பது, எம் மெஷினு எப்பிடி இருக்கு என்றுதான். பிறகு யாருக்குச் செய்தார்கள், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பார். நல்லா இருக்காங்கம்மா என்பார் டாக்டர். நம்ம போணியில்ல என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார் அக்கா. மைதானத்துப் பக்கம் மறுபடியும் நடக்க ஆரம்பித்தார். எங்களுக்கும் கீரை வர ஆரம்பித்தது.

அந்த வருஷம் ஆவணியில் சிதம்பரத்தில் நாங்கள் சின்னதாக ஒரு வீடு வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பால் காய்ச்சும் அன்று அக்கா தம்பியோடு வந்தார். எல்லோரும் சமையலறையில் நிற்க, அவர் மட்டும் பழைய வழக்கப்படி வாசல் நிலைக்கு வெளியே நின்றுகொண்டார். என் மாமியார் புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தார். நான் லைட்டரை எடுத்துக்கொண்டு போய் அக்கா கையில் கொடுத்தேன்.

பதறிப்போய்விட்டார். “நான் எதுக்கு டீச்சர்? உங்க மாமியா இருக்காங்க.”

மெஷினுக்கே போணி பண்ணியவர் அடுப்புக்குப் பண்ணக் கூடாதா என்று கேட்டு, தோளைப் பிடித்து உள்ளே கொண்டுவந்தேன். மாமியார் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கைராசியில் எனக்கு அன்றைக்கும் நம்பிக்கை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஆனால் அந்தக் கை என் அடுப்பில் பட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அக்கா அடுப்பைப் பற்றவைத்தார். பால் பொங்குகிற வரைக்கும் அவர் கண்ணை எடுக்கவில்லை. பொங்கி நாலு பக்கமும் வழிந்தது.

டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, என் கணவரின் சித்தி பஸ் தாமதமாகி அப்போதுதான் உள்ளே வந்தார். பால் பொங்கிச்சா என்று கேட்டுக்கொண்டே ஒரு டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, “யாரு கை?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அக்கா முன்னால் வந்தார்.

“எங்கைதான்.”

சித்தி இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.